பச்சைப் புள்ளி

கையில் இருந்த சீட்டு பச்சை என்கிற வரைக்கும்தான் கார்வண்ணனுக்குத் தெரிந்தது. அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படிக்க முடியவில்லை. கண்ணில் விட்ட சொட்டு மருந்து பாவையை அகலத் திறந்து வைத்திருந்ததால் கிட்டத்தில் இருந்ததெல்லாம் கரைந்து போயிருந்தது. எதிர்ச் சுவர்க் காலண்டரில் முருகன் வேலோடு தெளிவாக நின்றார், மடியில் கிடந்த சொந்தக் கைவிரல் தெரியவில்லை. படித்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. அந்தச் சீட்டின் வாசகத்தை எழுதியவனே அவன்தான். 'இரு கண்களிலும் விழித்திரை பாதிப்பு காணப்படவில்லை. ஓராண்டு கழித்து மீண்டும் பரிசோதிக்கவும்.' முதலில் 'பாதிப்பு இல்லை' என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தான். பெரிய மருத்துவமனையில் விழித்திரைப் பிரிவைப் பார்த்துக்கொண்ட டாக்டர் ரங்கநாயகி, "இல்லைன்னு சொல்ல நீங்க யாரு, நான் யாரு? காணலைன்னு மட்டும் போடுங்க" என்று அடித்துத் திருத்தினார். அந்தம்மாவுக்கு எதையும் அடித்துத் திருத்தித்தான் பழக்கம். சரி, காணப்படவில்லை. போனில் கஸ்தூரியின் பெயரைத் தேடிப் பிடிக்க முடியாமல், கடைசியாக வந்த அழைப்பைக் குத்துமதிப்பாக அழுத்தி, அவளிடம் "பச்சை" என்று சொல்லியாகிவிட்டது. "அப்பாடா" என்றாள். "நான் வர்ற வரைக்கும் அங்கேயே உக்காருங்க, அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு ரோட்ல எறங்கிடாதீங்க." குரோம்பேட்டையிலிருந்து பல்லாவரத்துக்கு ஸ்கூட்டரில் வர எவ்வளவு நேரம் ஆகிவிடும். மருந்துக் கடை மாடியில் இருந்த அந்தக் கண் பரிசோதனை மையத்தில், பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில், எல்லாம் நல்லபடியாக முடிந்த மனிதனாக அவன் உட்கார்ந்திருந்தான். முடிந்ததுதானே. அப்புறம் ஏன் நிம்மதியாக உட்கார முடியவில்லை என்றுதான் தெரியவில்லை.

இங்கே அவனை யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் இங்கே வந்தான். தரமணியில் அவன் வேலை பார்க்கிற ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து பெரிய மருத்துவமனை கூப்பிடு தூரம். அங்கே போனால் காவலாளியிலிருந்து எல்லோரும் வணக்கம் வைப்பார்கள், காபி வரும், காபிக்குப் பின்னாலேயே 'என்ன சார், உங்களுக்கா?' என்ற கேள்வியும் வரும். இயந்திரத்துக்குக் கண் கொடுக்கும் தமிழர் என்று ஒரு பத்திரிகை போட்டுத் தொலைத்திருந்தது. அப்பேர்ப்பட்டவருக்குக் கண்ணில் கோளாறு என்றால் சிரிக்கத்தானே செய்வார்கள். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. படத்தைப் பார்த்து இன்னதென்று சொல்ல இயந்திரத்தைப் பழக்குவது. மாட்டைப் பழக்குகிற மாதிரிதான், வைக்கோல் மட்டும் வேண்டாம், படம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதல் வேலை, சுங்கச்சாவடிக்கு லாரி நம்பர் பிளேட்டைப் படிக்கிற மென்பொருள். ராத்திரி பகல் பார்க்காமல் பழக்கி, சாவடியில் கொண்டுபோய் வைத்தால், முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்ட லாரிக்கெல்லாம் ஒரு சைபரும் ஒன்றும் கூடச் சேர்த்துப் படித்தது. பழக்கின படங்களில் மிளகாயே கிடையாது. அவையெல்லாம் எந்த நாட்டு ரோட்டிலோ எடுத்தவை, அந்த ஊரில் லாரிக்குத் திருஷ்டி கழிக்கிற வழக்கம் இல்லை போலிருக்கிறது. மானேஜர் வண்டை வண்டையாகத் திட்டினார். ஆனால் அன்றைக்குத்தான் கார்வண்ணனுக்கு இந்தத் தொழில் பிடித்துப்போனது. இயந்திரம் பொய் சொல்வதில்லை. நாம் எதைக் காட்டாமல் விட்டோமோ அதை நம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது என்று தோன்றியது. அப்புறம் பனி கொட்டுகிற ஊரில் ஐந்தாறு வருஷம் ஆராய்ச்சிப் படிப்பு, ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளிக்காய்ச்சலும் சோறும், திரும்பி வந்து கல்யாணம், வேலை, சர்க்கரை. சர்க்கரையும் வேலை மாதிரித்தான், ஒருமுறை சேர்ந்துவிட்டால் விடுவதில்லை. சர்க்கரை வியாதியில் விழித்திரை கெடுவதை டாக்டருக்கு முன்னால் இயந்திரமே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அவன் ஆரம்பித்தபோது அவனுக்குச் சர்க்கரை இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு இங்கே அவனுக்குப் பச்சைச் சீட்டு கொடுத்தது அந்த இயந்திரம்தான், ஆனால் தன் கண்ணுக்காக அவன் அதைச் செய்யவில்லை.

கண்ணை மூடினான். மூடினதும் அந்த ஊதா வட்டம் வந்தது. படம் எடுக்கும்போது பளீரென்று வெளிச்சம் அடிக்கிறதல்லவா, அது உள்ளே விட்டுவிட்டுப் போன வட்டம். ஓரத்தில் மஞ்சள், நடுவில் ஊதா, கண்ணைத் திருப்பின பக்கமெல்லாம் கூடவே வருகிறது. கொஞ்ச நேரத்தில் போய்விடும். அவன் சும்மா இருக்க மாட்டாமல் வலது கண்ணைக் கையால் பொத்தி, இடது கண்ணால் மட்டும் எதிர்ச் சுவரைப் பார்த்தான். வட்டம் இல்லை. இடதைப் பொத்தி வலதால் பார்த்தான். இருந்தது. மறுபடி வலதைப் பொத்தினான். இல்லை. சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தவன், பக்கத்து நாற்காலி அம்மாள் தன்னையே பார்க்கிறாள் என்று தெரிந்து கையை மடியில் வைத்துக்கொண்டான். அறுபது வயதிருக்கும். மூக்குத்தி, மஞ்சள் பை, அவளுடைய கையிலும் ஒரு சீட்டு. "எனக்கும் பச்சைதான் குடுத்தாங்க தம்பி" என்றாள். "பச்சைன்னா நல்லதுதானே?" நல்லதுதான் என்றான் கார்வண்ணன். "அம்சவேணின்னு பேரு போட்டிருக்கா பாருங்க, மாத்தி கீத்திக் குடுத்துரப் போறாங்க." தனக்கும் எழுத்துத் தெரியவில்லை, மருந்து விட்டிருக்கிறார்கள் என்றான். அவள் சிரித்துவிட்டு, "குருடனும் குருடியுமா உக்காந்திருக்கோம், போங்க" என்றாள். மகன் கீழே வண்டி எடுக்கப் போயிருக்கிறானாம், வந்து ஹாரன் அடிப்பானாம். நல்லதுதான் என்று அவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டதே என்று கார்வண்ணன் நினைத்தான். வெளிச்சம் இரண்டு முறை அடித்தது. அதில் சந்தேகமே இல்லை. இரண்டு முறை அடித்தது, ஒரு கண்ணில்தான் வட்டம் இருக்கிறது.

இருக்கட்டும். ஒரு கண்ணில் சீக்கிரம் மறைந்து, இன்னொன்றில் மெதுவாக மறையலாம். பாவை விரிகிற அளவு ஆளுக்கு ஆள், கண்ணுக்குக் கண் மாறும். வலது கண்ணில் இரண்டாவதாக எடுத்திருக்கலாம், அதனால் இன்னும் நிற்கிறது. சப்பைக்கட்டு கட்டுவதில் படித்தவனுக்கு நிகர் உண்டா. ஆனால் முதலில் எடுத்தது வலது கண், அது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் எப்போதும் வலதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று பயிற்சிப் புத்தகத்தில் போட்டதும் அவன்தான். கருவி முன்னால் தாடையை வைத்தான், நெற்றியை ஒட்டினான், ரெஜினா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அந்தப் பெண், "உள்ளே பச்சைப் புள்ளி தெரியுதா சார், அதையே பாருங்க" என்றாள். புள்ளி தெரிந்தது. பளீர். அப்புறம் கேமராப் பெட்டி இடது பக்கம் நகர்ந்தது. புள்ளி தெரியுதா என்று மறுபடி கேட்டாள். நேரம் ஆயிற்று. "ஆடாதீங்க சார்." ஆடவில்லை. "புள்ளியையே பாருங்க சார், கண்ணு ஓடுது." இன்னும் கொஞ்ச நேரம். அப்புறம் ஒரு பெருமூச்சு, பெட்டி மறுபடி நகர்ந்து வந்தது, "ஒரு தடவை இப்படி வைங்க சார்", பளீர், "ஆச்சு சார், போய் உக்காருங்க". அவ்வளவுதான் நடந்தது. பெட்டி நகர்ந்து வந்த பக்கம் எது என்பதை மட்டும் மனசு நினைக்க மாட்டேன் என்கிறது. பல்லில் மாட்டின நார் மாதிரி அதைத் தொட்டுத் தொட்டு விட்டுவிடுகிறது.

அப்பா அரசு பஸ் டிரைவர். விழுப்புரம் டிப்போ. காலையில் சவரம் பண்ணும்போது கண்ணாடி முன்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். ஈ. எஃப் பி. டி ஓ இஸட். எல் பி ஈ டி. வருஷத்தில் சில நாட்கள் மட்டும், கொஞ்சம் பயபக்தியோடு. கார்வண்ணன் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். கடவுள் இல்லை என்று சொல்லி மகனுக்குத் தமிழ்ப் பெயராகத் தேடி வைத்த மனிதர் என்ன மந்திரம் சொல்வார் என்று யோசிக்கிற வயது இல்லை. எட்டாம் வகுப்பில் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனார்கள். இருட்டு அறையில் விளக்குப் போட்ட பெட்டியில் எழுத்துகள் மேலிருந்து கீழே சின்னதாகிக்கொண்டே போயின. ஈ. எஃப் பி. டி ஓ இஸட். அவனுக்குச் சிரிப்பு வந்தது, எல்லாவற்றையும் கடகடவென்று சொல்லிவிட்டான், கடைக்காரர் உனக்கெதுக்குடா கண்ணாடி என்றார். வெளியே நின்றிருந்த அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வருஷா வருஷம் டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை உண்டு, தேறினால்தான் ஸ்டியரிங். அப்பா அட்டையை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் புது டாக்டர் வந்தார். அட்டையை மாற்றி எண்கள் போட்ட அட்டையை மாட்டினார். அப்பா நேராக நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஈ, எஃப் பி, டி ஓ இஸட் என்று சொல்லிக்கொண்டே போனாராம். டிப்போவே சிரித்ததாம். சர்க்கரைதான், பார்க்காமல் விட்டது. அப்புறம் அப்பா தட்டில் சோறு எங்கே, குழம்பு எங்கே என்று விரலால் தடவித் தெரிந்துகொண்டு சாப்பிடுவார், ஒரு பருக்கை கீழே சிந்தாது. கார்வண்ணன் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது இந்தக் கதையைச் சொல்வான். இயந்திரம் புரிந்துகொள்ளாமல் மனப்பாடம் பண்ணித் தேறிவிடும், கேள்வித்தாளை மாற்றினால் முழிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. வகுப்பே சிரிக்கும். 'ஒரு பஸ் டிரைவர்' என்றுதான் ஆரம்பிப்பான். அப்பா என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

சொல்லியிருக்கலாம். யார் என்ன சொல்லப் போகிறார்கள். இப்போது அதுவா விஷயம். விஷயம், இரண்டு படமும் வலது கண்ணே என்றால் இயந்திரத்துக்குத் தெரியாதா என்பது. தெரிய வேண்டும். சாதாரணமாகக் கண் படம் பார்க்கத் தெரிந்த யாருக்கும் தெரியும். விழித்திரையில் நரம்பு முளைக்கிற வெளிர் வட்டம் ஒன்று இருக்கிறது, வலது கண் படத்தில் அது வலப்பக்கம் இருக்கும், இடது கண் படத்தில் இடப்பக்கம். ஒரே பார்வையில் ரங்கநாயகி சொல்லிவிடுவார், ரெஜினாவுக்கும் தெரியும். இயந்திரத்துக்குத் தெரியாது. தெரியாமல் வளர்த்தது அவன். ஆரம்பத்தில் அவர்களிடம் படம் போதவில்லை. ஆஸ்பத்திரி கொடுத்த படங்களை வைத்துக்கொண்டு பழக்கினால் இயந்திரம் அரைகுறையாகவே நின்றது. அப்போது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற வேலையை அவனும் செய்தான். ஒவ்வொரு படத்தையும் கண்ணாடியில் காட்டினது போல இட வலமாகப் புரட்டி இன்னொரு படமாகச் சேர்த்தான். கையில் இருந்தது இரட்டிப்பாயிற்று. வலது கண் இடது கண்ணாயிற்று, இடது வலதாயிற்று, இயந்திரத்துக்கு அந்தப் பேதமே இல்லாமல் போயிற்று. தேர்ச்சி விறுவிறுவென்று ஏறியது. அதைப் பற்றி எழுதின கட்டுரைதான் இன்றைக்கும் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மருத்துவமனைக் கூட்டத்தில் அவன் அதை விளக்கினபோது ரங்கநாயகி பஜ்ஜித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்போ எது எந்தக் கண்ணுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "தெரிய வேண்டியதில்லை மேடம். வியாதி இருக்கா இல்லையான்னு தெரிஞ்சா போதும்." கூட்டத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவனுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தம்மா மறுபடி பஜ்ஜித் தட்டை இழுத்துக்கொண்டார். அந்த ஒன்றை மட்டும் அவர் அடித்துத் திருத்தவில்லை.

ஊதா வட்டம் மங்கிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் போய்விடும், போய்விட்டால் சாட்சி இல்லை. எழுந்து போய்ப் பேசாமல் படியில் நிற்கலாம். கஸ்தூரி வருவாள், தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறிக்கொள்ளலாம், வழியில் எங்காவது நிறுத்தி அவள் டிகிரி காபி வாங்கித் தருவாள், சர்க்கரை இல்லாமல். பச்சை. ஓராண்டு. மூன்று வாரமாக இடது கண்ணில் நடுவில் ஒரு அழுக்கு இருக்கிறது என்பது கஸ்தூரிக்குத் தெரியாது. முதன்முதலில் கிண்டி சிக்னலில் பார்த்தான். முன்னால் நின்ற லாரியின் நம்பரை, பழைய பழக்கம், வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தபோது வலது கண்ணில் தூசி விழுந்தது. கசக்கிக்கொண்டு இடது கண்ணால் படித்தால் நடுவில் இரண்டு எண்ணைக் காணவில்லை. மறைந்திருந்தன என்று சொல்ல முடியாது, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, பிளேட் வெறுமனே தொடர்ந்தது. இரண்டு கண்ணையும் திறந்ததும் எண்கள் வந்துவிட்டன. தூக்கம் இல்லை, கணினியைப் பார்த்துப் பார்த்துச் சலிப்பு, கண்ணாடி மாற்ற வேண்டும். அன்றிலிருந்து அவன் தனியாக இருக்கும்போதெல்லாம் வலது கண்ணைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்கிறான். பாத்ரூம் டைல்ஸில் கோடு வளைகிறது. கஸ்தூரியின் முகத்தில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் புகை. இதெல்லாம் என்னவென்று அவனுக்குத் தெரியாதா. ஆயிரக்கணக்கில் படம் பார்த்தவன். அப்படிப்பட்ட கண்ணின் படம் எப்படி இருக்கும், எந்த இடத்தில் வீங்கியிருக்கும், எங்கே மஞ்சள் படிந்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவான். பயமாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை, பயம். கண் போய்விட்டால் தான் என்னவாக மிஞ்சுவோம் என்று அவனால் யோசிக்க முடியவில்லை. சோற்றுத் தட்டில் விரல் தடவுவது வரைக்கும் போய் நின்றுவிடுகிறான். கஸ்தூரி விடாமல் தொந்தரவு பண்ணினதால்தான், அதுவும் வருஷாந்திரச் சர்க்கரைப் பரிசோதனை என்ற பேரில், இங்கே வந்தான்.

வந்து என்ன செய்தான். இதோ, நார் கையில் வந்துவிட்டது. பெட்டி இடது கண்ணுக்கு நகர்ந்தபோது ரெஜினா கேட்டாள், "புள்ளி தெரியுதா சார்?" ஒன்றும் தெரியவில்லை. நடுவில் அழுக்கு, சுற்றிலும் இருட்டு. அந்த அழுக்குக்குப் பின்னால்தான் புள்ளி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆராய்ச்சியாளனாக இருக்க வேண்டியதில்லை. "தெரியுது" என்றான். வாய் சொல்லிவிட்டது. கையைப் பின்னால் கட்டாததுதான் பாக்கி. புள்ளி தெரியாத கண் அதைத் தேடிக்கொண்டு அலைந்தது, அலைகிற கண்ணைப் படம் பிடிக்கக் கருவி மாட்டேன் என்றது, அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள், பெட்டி வலது கண்ணுக்கே திரும்பி வந்தது. வலதுக்குத்தான் வருகிறது என்று அவனுக்கு அப்போதே தெரியும். தாடையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. நெற்றியை இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டான்.

எழுந்தான். எழுந்து எங்கே போகிறோம் என்று முடிவு பண்ணாமல்தான் எழுந்தான்; மாடிப்படி வலப்பக்கம், படம் எடுக்கிற திரை இடப்பக்கம். பையைத் தடவி எடுத்துக்கொண்டு நின்றவன், பக்கத்தில் இருந்த அம்சவேணியிடம், ஏன் கேட்கிறோம் என்று தெரியாமலே, "உங்களுக்கு எந்தக் கண்ணும்மா தொந்தரவு?" என்று கேட்டான். "இதுதான், இந்த இடது கண்ணு. புகை போட்ட மாதிரி இருக்கும். இப்ப ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க." "படம் எடுக்கும்போது வெளிச்சம் அடிச்சுதே, எந்தக் கண்ணுல அடிச்சது?" அவள் யோசிக்கக்கூட இல்லை. "இந்தக் கண்ணுலதான்" என்று வலது கண்ணைத் தொட்டாள். "ரெண்டு தடவையும். கண்ணே அவிஞ்சு போற மாதிரி." கீழே ஹாரன் அடித்தது. அவள் மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு எழுந்தாள். கார்வண்ணன் அவள் முன்னால் கையை நீட்டி மறித்தான். "கொஞ்சம் உக்காருங்கம்மா. போயிடாதீங்க." புகை போட்ட கண்ணுக்குள் படமும் புகையாகத்தான் வரும், கருவி அதைத் தேறாது என்று தள்ளும். நல்ல கண் எப்போதும் தேறும். அப்படியானால் எந்தக் கண்ணை யாரும் பார்க்கவே இல்லையோ அது எப்போதும் கெட்ட கண்ணாகத்தான் இருக்கும். இந்த ஒரு மையத்தில் மட்டுமா. இடப்பக்கம் திரும்பி, திரையை நோக்கி நடந்தான்.

திரைக்குப் பின்னால் ரெஜினா அடுத்தவரின் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தாள். "என் இடது கண்ணை எடுக்கலையேம்மா" என்றான். அவள் திரும்பிப் பார்த்தாள், வெளியே உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள். "வரலை சார். நாலைஞ்சு தடவை பார்த்தேன், ஃபோகஸ் நிக்கவே இல்லை." "வரலைன்னா வலதையே ரெண்டு தடவை எடுக்கலாமா?" "வேற என்ன சார் பண்றது? ரெண்டு கண்ணும் தேறினாத்தான் இந்த ஃபைல் மூடும். மூடினாத்தான் அடுத்த ஆள் பேரு வரும். முன்னாடி 'படம் வரவில்லை'ன்னு ஒரு பட்டன் இருந்துச்சாம், அதையும் எடுத்துட்டாங்க." எடுத்தது அவன்தான். ஆரம்பத்தில் சில மையங்களில் சோம்பல்பட்டு யாரைப் பார்த்தாலும் அந்தப் பட்டனையே அழுத்தினார்கள், டாக்டரிடம் கூட்டம் சேர்ந்தது, ஒரு கண்ணையும் விடாமல் எடுக்க வைக்கிறேன் பார் என்று ஒரு மத்தியானத்தில் உட்கார்ந்து எடுத்தான். ரெஜினாவுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. "இதை எழுதினவங்களுக்கு இங்க கூட்டம் எப்படி இருக்கும்னு தெரியாது சார்." "தெரியாது" என்றான் கார்வண்ணன். "ஒரு வழி இருக்கு சார்" என்றாள் அவள். "புள்ளி தெரியலைன்னு பேஷண்ட் சொல்லிட்டா, மெஷினே வேண்டாம், நானே கையால எழுதி நேரா டாக்டர்கிட்ட அனுப்பிடலாம். அது பழைய ரூல். ஆனா யாரும் சொல்றதில்லை. கேட்டா எல்லாரும் தெரியுதுன்னுதான் சொல்றாங்க. பரீட்சைன்னு நினைச்சுக்குறாங்க போல. அந்த அம்மாவும் அப்படித்தான். நீங்களும் அப்படித்தான் சொன்னீங்க."

படியில் கஸ்தூரியின் செருப்புச் சத்தம் கேட்டது. அவனுக்கு அந்தச் சத்தம் எங்கிருந்தாலும் தெரியும். ஒரு செருப்பில் வார் தளர்ந்திருக்கிறது, மாற்றச் சொன்னால் மாற்றுவதில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரைக்குள் எட்டிப் பார்த்து, "என்ன இங்க நிக்கிறீங்க? பச்சைன்னு சொன்னீங்களே, கெளம்பலாமா?" என்றாள். தூரத்தில் இருந்ததால் அவள் முகம் முழுதாகத் தெரிந்தது. மூக்கு, பொட்டு, வெயிலில் வந்த களைப்பு, பச்சை என்று கேட்ட நிம்மதி இன்னும் போகாமல் இருந்தது. இந்த நிம்மதியைக் கெடுக்கத்தான் வேண்டுமா என்று ஒரு நிமிஷம் நினைத்தான். மூன்று வாரம் கெடுக்காமல் இருந்தாயிற்று. "ஒரு கண்ணு எடுக்கலை" என்றான். "அந்த அம்மாவுக்கும் எடுக்கலை. அவங்க மகன் கீழ ஹாரன் அடிக்கிறான், போய் மேல கூட்டிட்டு வா, அம்மாவை டாக்டர்கிட்ட காட்டணும்னு சொல்லு." கஸ்தூரி அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில், தெரியாத ஆள் விஷயத்தில் இவன் இப்படி அவசரப்பட்டு அவள் பார்த்ததில்லை. என்ன என்று கேட்காமல் படி இறங்கிப் போனாள்.

ரங்கநாயகிக்கு இன்றைக்கே போன் பண்ண வேண்டும். பேச வேண்டியதை மனசு வரிசைப்படுத்தப் பார்த்தது. மேடம், நீங்க ஒரு கேள்வி கேட்டீங்களே, பஜ்ஜி சாப்பிட்டுக்கிட்டே. அந்தம்மாவுக்கு ஞாபகம் இருக்கும். எல்லா மையத்திலும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்வார், நிறுத்த வேண்டியதுதான். கட்டுரை, பத்திரிகை, அடுத்த மாதம் எல்லா ஜில்லாவுக்கும் அனுப்புகிற திட்டம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன; எதற்கும் இப்போது வருத்தப்படத் தோன்றவில்லை, அப்புறம் வருத்தமாக இருக்கும். கஸ்தூரி அம்சவேணியின் மகனோடு திரும்பி வந்து சுவரோரம் நின்றாள். ரெஜினா அம்சவேணியைக் கருவி முன்னால் உட்கார வைத்தாள். "பரீட்சை இல்லைம்மா. தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க" என்றாள். அம்சவேணி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, குற்றம் செய்தவள் மாதிரி, "ஒண்ணும் தெரியலையே கண்ணு" என்றாள். ரெஜினா கையால் எழுதிக் கொடுத்தாள். பிறகு அவன் முறை. பிளாஸ்டிக் தாங்கியில் தாடையை வைத்தான், அம்சவேணியின் தாடைச் சூடு அதில் இன்னும் இருந்தது. நெற்றியை ஒட்டினான். பெட்டி இடது பக்கம் நகர்ந்து வந்து நின்றது. உள்ளே இருட்டு. அழுக்குக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு புள்ளி எரிந்துகொண்டிருக்க வேண்டும், எங்கே என்றுகூட அவனால் சொல்லிவிட முடியும், நட்ட நடுவில், அந்தக் கருவியை அத்தனை தடவை பிரித்துப் பார்த்திருக்கிறான்.

"பச்சைப் புள்ளி தெரியுதா சார்?"

ஈ, எஃப் பி, டி ஓ இஸட் என்று நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியலை" என்றான் கார்வண்ணன்.

பின்னால் கஸ்தூரி ஹெல்மெட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்து அவன் முதுகில் கையை வைத்தாள். "எத்தனை நாளா?" என்றாள்.